லோரி கம்பெனியை மூடியாச்சு, மூன்று பெட்டி காகிதம் மிச்சம். என்ன செய்வது?

லோரிக்காரர் பேத்தி | ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். பல வருடமாகச் சும்மா படித்துக்கொண்டிருந்தவள், இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா பேராக்கில், சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டினார். முதலில் கூலிக்கு, அப்புறம் சொந்தமாக. ஒன்றில் தொடங்கி, நல்ல காலத்தில் கடைக்குப் பின்னால் ஏழு லோரி நின்றன. ரப்பர் ஷீட்டு, உரம், பலகை, பிற்பாடு செம்பனைக் குலை. திருவிழா சமயத்தில் காவடிக்காரர்களையும் ஏற்றினார்கள் (ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாக்காரர்கள் யாரும் இதைப் படிக்கவில்லை என்று நம்புகிறேன்). தாத்தாவுக்குப் பிறகு அப்பா பார்த்தார். அவருக்கு இப்போது 71 வயது. டிரைவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தீபாவளி முன்பணம் வாங்கும் வரைதான் நிற்கிறார்கள். போன வருடம் கடைசி லோரியையும் கொடுத்தாயிற்று.

கடையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மாடியில் மூன்று மைலோ பெட்டி நிறையக் காகிதம் இருக்கிறது. டிரிப் புக், டெலிவரி ஆர்டர் அடிக்கட்டை, பெர்மிட், டயர் கடை பில், சம்பளப் புத்தகம், ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோ. அப்பா, "ஏழு வருஷத்துக்கு மேலே எதையும் வைக்க வேண்டியதில்லை, எரித்துவிடு" என்கிறார். சித்தப்பா, "தாத்தா படத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு மலர் அடிப்போம்" என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. பெட்டியைத் திறந்தேன், பார்த்தேன், மூடிவிட்டேன். எங்கே தொடங்குவது?

ஜொகூர் டிரெலர் | ஞாயிறு, இரவு 10.40

உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதை யார் படிக்கப் போகிறார்கள்? 2024 ஜூனில் டீசல் ஒரே ராத்திரியில் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. மானியக் கார்டு கைக்கு வரும் வரைக்கும் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதையே யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் பழைய டயர் பில்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

நூலகத்துக்காரி | ஞாயிறு, இரவு 11.25

எரிக்க வேண்டாம். அப்பாவிடம் ஒரு மாதத் தவணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஏழு வருடக் கணக்கு பொய்யில்லை. வருமான வரிச் சட்டமும் சரி, கம்பெனிச் சட்டமும் சரி, கணக்குப் புத்தகங்களை ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. ஆனால் எட்டாவது வருடம் நெருப்பு வைக்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. நம் கடைக்காரர்கள்தான் அப்படிப் புரிந்துகொண்டார்கள். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நம்மவர் கம்பெனி ஒன்றைப் பற்றிக் கேட்டு யாராவது வந்தால் எடுத்துக் கொடுக்க ஒரு மலர் இருக்கும். அதில் பிரமுகர் வாழ்த்து எட்டுப் பக்கம், முதலாளி மாலையோடு நிற்கும் படம். லோரி எங்கே போனது, எதை ஏற்றியது, என்ன வாடகை, கெலிண்டானுக்கு (லோரி உதவியாளுக்கு) நாள் சம்பளம் எவ்வளவு, ஒன்றும் இருக்காது. சித்தப்பா மலர் போடட்டும், தடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் பெட்டிகளைக் காப்பாற்றுங்கள்.

முதல் வேலை, எதையும் வரிசைப்படுத்தாதீர்கள். பெட்டியைத் திறந்தவுடன் உள்ளே இருப்பது இருக்கிறபடியே ஒரு படம் எடுங்கள். எந்தக் காகிதம் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் ஒரு தகவல்தான். அப்புறம் ரப்பர் பேண்டுகளைக் கழற்றுங்கள். ரப்பர் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் பழைய ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டால் எழுத்தோடுதான் வரும். துரு ஏறிய பின்னையும் இழுக்காமல் மெதுவாக நெம்பி எடுக்கவும்.

லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். பளபளப்பான ஃபேக்ஸ் தாள், டோல் ரசீது மாதிரி இருப்பவை சூட்டில் அச்சானவை. அவை தானாகவே வெளுத்துப் போகும், ஆகவே முதலில் அவற்றைப் படமெடுங்கள். 1960களின் டிரிப் புக் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். 2015 டோல் ரசீது இப்போதே வெள்ளைத் தாள்.

போமன் ஈப்போ | திங்கள், காலை 7.05

லோரியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கதவு, நம்பர் பட்டை, ஸ்டீரிங், எதுவானாலும் சரி. காகிதத்தை அக்கா பார்த்துக்கொள்வார்கள், இரும்புக்கு நான்.

பழைய கிராணி | திங்கள், மதியம் 2.18

வணக்கம் அம்மா. எனக்கு 81 வயது, தட்டச்சு மெதுவாகத்தான் வரும். 1962லிருந்து தோட்டத்து ஸ்டோரில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன், லோரிச் சீட்டு எழுதியே விரல் வளைந்து போனது. பெட்டியில் தேதி இல்லாத சீட்டு நிறைய இருக்கும். அதற்காகக் கலங்க வேண்டாம். சீட்டே தன் வயதைச் சொல்லும்.

'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்று எழுதியிருந்தால் 1972க்கு முந்தியது. அந்த வருடம்தான் அது போர்ட் கிள்ளான் ஆனது. 'தெலுக் ஆன்சன்' என்றால் 1982க்கு முந்தியது, பிறகு தெலுக் இந்தான். ஆனால் பழைய பெயரை விடாத கிராணிகள் உண்டு, நானே அப்படித்தான், ஆகையால் ஒன்றிரண்டு வருடம் விட்டுப் பிடியுங்கள். அச்சடித்த தலைப்பு இன்னும் நல்ல சாட்சி. கம்பெனிக்கு மலாயில் சொல்லும் 'ஷாரிக்காட்' என்ற சொல் எஸ், எச் என்று தொடங்கினால் 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானது. எஸ், ஒய் என்றால் பின்னால்.

எடையைப் பாருங்கள். பிக்குல், காட்டி என்றால் பழசு. ஒரு பிக்குல் நூறு காட்டி, நம் கணக்கில் 133⅓ ராத்தல், இன்றைக்குச் சுமார் 60 கிலோ. 1972ல் மெட்ரிக் சட்டம் வந்தது, ஆனாலும் ஆட்களின் வாயிலிருந்து பிக்குல் போக வெகுகாலம் ஆயிற்று. சரக்கு 'எஸ்எம்ஆர்' (தரம் குறித்த மலேசிய ரப்பர்) என்று இருந்தால் 1965க்குப் பின். அதற்கு முன்னால் பெரும்பாலும் புகை போட்ட ஷீட்டுதான்.

இன்னொன்று. சீட்டில் ஊதா நிற எழுத்து இருந்தால் தயவுசெய்து தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது காப்பிங் பென்சில். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா, அழிக்கவும் முடியாது. அழுத்தமாக விழ வேண்டும் என்பதற்காக முனையை நாக்கில் தொட்டு எழுதுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் நாக்கை நீட்டச் சொல்லிச் சிரிக்கும். ஈரத் துணியால் துடைத்தால் பக்கம் முழுக்க நாவற்பழம் பிழிந்த மாதிரி ஆகிவிடும்.

கடைக்குப் பின்னால் ஏழு லோரி என்கிறீர்கள். பச்சை பெட்போர்டா?

லோரிக்காரர் பேத்தி | திங்கள், இரவு 9.50

ஐயா, பச்சைதான்! உங்களுக்கு எப்படித் தெரியும்?

போமன் அண்ணே, லோரிக் கதவு ஒன்று சலாக் உத்தாராவில் பெரியதாத்தா வீட்டில் இருக்கிறது. பெரியதாத்தா பேரன் அதைக் கோழிக் கூண்டுக்குக் கதவாகப் போட்டிருக்கிறார். பொய்யில்லை.

இன்றைக்கு முதல் பெட்டியை அக்கா சொன்னபடி படமெடுத்துவிட்டுப் பிரித்தேன். ஐயா சொன்ன ஊதா எழுத்து இருக்கிறது. தாத்தா கையெழுத்துதான். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் எண்கள் மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. ஒரு வரியை அப்படியே தருகிறேன் (எல்பில் ஒரு தோட்டம்):

எல்பில் – 52 பிக்குல் – ஈப்போ – எண்ணெய் – டயர் பஞ்சர் – கெலிண்டான் 3 வெள்ளி – பாதி

எல்லா வரியின் கடைசியிலும் 'பாதி' என்று ஒரு கட்டம், அதில் ஒரு தொகை. முதல் மூன்று புத்தகங்களில் இருக்கிறது. நான்காவதில் பாதிக்கு மேல் அந்தக் கட்டம் காலி. கோடு மட்டும் போட்டிருக்கிறார், எண் இல்லை. அப்பாவைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் அப்போது பள்ளிக்கூடத்தில்" என்றார். டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

பழைய கிராணி | செவ்வாய், காலை 11.30

தெரியும் அம்மா. எங்கள் ஸ்டோருக்கு வாரம் இருமுறை வந்த வண்டி அது. உங்கள் தாத்தாவுக்கு டீயில் சீனி ஆகாது, நான்தான் கலக்கிக் கொடுப்பேன்.

அந்தக் கம்பெனியை நடத்தியது இரண்டு பேர். அதற்கு மேல் நான் சொல்லலாமா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

சலாக் அண்ணன் | செவ்வாய், இரவு 8.15

தங்கச்சி, நான் யார் என்று உனக்குத் தெரியும். யாரோ லிங்க் அனுப்பினார்கள். கோழிக் கூண்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னது போகட்டும். இந்தப் 'பாதி' கதையை இங்கே கிளற வேண்டாம். எங்கள் வீட்டில் தாத்தா சொன்னது ஒன்று, உங்கள் வீட்டில் சொன்னது ஒன்று. தாத்தாவின் கூட்டாளியாக இருந்த அந்த ஆள் பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்பது உங்கள் வீட்டுக் கதை. பங்கைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பது எங்கள் தாத்தா சாகும்வரை சொன்னது. இதனால்தான் உங்கள் தாத்தாவும் எங்கள் தாத்தாவும் பத்து வருடம் பேசாமல் இருந்தார்கள். மலர் போடுங்கள், லோரி படம் போடுங்கள். இது எதற்கு?

ஜொகூர் டிரெலர் | செவ்வாய், இரவு 8.31

இப்போது படிக்கிறேன். சொல்லுங்கள்.

நூலகத்துக்காரி | செவ்வாய், இரவு 10.05

சலாக் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தயக்கம் புரிகிறது. எந்தக் குடும்பத்துக் கம்பெனியின் பெட்டியைத் திறந்தாலும் இப்படி ஒன்று வெளியே வரும். இரண்டு கதையில் எது சரி என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்து இரண்டையும் வையுங்கள். இணையத்தில் போடுவதும் வீட்டில் பத்திரப்படுத்துவதும் வேறு வேறு. சம்பளப் புத்தகத்தில் ஆட்களின் ஐசி (அடையாள அட்டை) எண், கடன், கைநாட்டு எல்லாம் இருக்கும். அவற்றைப் படமெடுத்து வையுங்கள், இங்கே போடாதீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இதே ஊரில்தான் இருப்பார்கள்.

பேத்திக்கு: காகிதத்தைச் சாதாரண ஸ்கேனரில் 300 டிபிஐயில் எடுங்கள். போட்டோவுக்கு 600. மூலப் படத்தைத் திருத்தாமல் 'டிஃப்' கோப்பாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு ஜேபெக். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். வெள்ளம் வந்தால் ஒரே வீட்டிலிருக்கும் மூன்று ஹார்ட் டிஸ்கும் ஒன்றாகத்தான் நனையும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் பக்கம் எத்தனை வீட்டு ஆல்பம் போனது என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள்.

பெர்மிட்டை மட்டும் தனியாகப் பாருங்கள். தலைப்பிலிருக்கும் அலுவலகமே காலத்தைக் காட்டும். 1987 சட்டத்துக்குப் பிறகு எல்பிகேபி, 2010 சட்டத்துக்குப் பிறகு ஸ்பாட், 2019லிருந்து அபாட். வாடகைக்குச் சரக்கு ஏற்ற ஏ லைசன்ஸ், சொந்தச் சரக்குக்கு சி. அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியின் முதலாளியும் பெர்மிட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாத கம்பெனிகள் இந்த நாட்டில் நிறைய.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் இருக்கின்றன. ஆள் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், நம் பெயர்களை அக்கால நிருபர்கள் பத்து விதமாக எழுதினார்கள். லோரி நம்பரைப் போட்டுத் தேடுங்கள்.

லோரிக்காரர் பேத்தி | புதன், இரவு 11.40

அண்ணன், நான் யாரையும் குறை சொல்லத் தொடங்கவில்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பதை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

'பாதி' கட்டத்தில் எண் இருக்கும் கடைசி வரி 1970 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு அடுத்த வரி இது:

பினாங்கு – ஆள் 5 – பெட்டி 4 – வாடகை இல்லை

வாடகை இல்லை என்று எழுதியிருக்கும் ஒரே வரி, நான் பார்த்த நான்கு புத்தகத்திலும் இது ஒன்றுதான். தாத்தா கோயிலுக்கு மணல் அடித்ததற்குக்கூட இரண்டு வெள்ளி எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தக் கட்டம் காலி.

பழைய கிராணி | வியாழன், காலை 10.15

நீங்களே வந்து சேர்ந்துவிட்டீர்கள், ஆகவே சொல்கிறேன்.

அந்த இன்னொரு கூட்டாளியிடம் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர் அட்டை. தோட்டத்தில் அப்போது நிறையப் பேருக்கு அதுதான். குடியுரிமை மனுப் போடுங்கள் என்று சொன்னால், "இங்கேதானே இருக்கிறோம், எங்கே போகப் போகிறோம்" என்பார்கள். 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம். 1969 கலவரத்துக்குப் பிறகு அந்த பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. எங்கள் லயத்திலேயே வரிசையாகக் கதவு பூட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். உங்கள் தாத்தாவின் கூட்டாளியும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பினாங்கில் ரஜூலா ஏறியவர். நாகப்பட்டினத்தில் இறங்குவதாகச் சொன்னார். ஐந்து பேர், நான்கு பெட்டி. உங்கள் தாத்தாதான் லோரியில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு எங்கள் ஸ்டோருக்கு வர வேண்டிய முறை, வண்டி வரவில்லை. மறுநாள் வந்து, காரணம் சொல்லாமல் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார். டீ வேண்டாம் என்றார்.

பங்குப் பணம் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஊரில் பேசியவர்களுக்கும் தெரியாது.

இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் 1948 ஜூன் 16ல் எல்பில் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதையும், அதிலிருந்து அவசரகாலம் வந்ததையும் எழுதுவார்கள். அப்புறம் இந்த ஊர் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன், அவர் தொடங்கிய 1960ன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். இரண்டும் எழுத வேண்டியவைதான். 1970ல் யார் யாரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வெறும் லோரியோடு திரும்பினார்கள் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

போமன் ஈப்போ | வியாழன், மதியம் 1.02

கோழிக் கூண்டுக் கதவைப் பற்றி. தயவுசெய்து யாரும் அதைச் சுரண்ட வேண்டாம், மணல்தாள் போட வேண்டாம், துருவுக்கு எண்ணெய் தடவ வேண்டாம்.

அந்தக் காலத்தில் கதவெழுத்து கையால் எழுதுவது. கம்பெனி பெயர், ஊர், கீழே வெறும் வண்டி எடை. பெயர் மாறினால் பழையதைச் சுரண்ட மாட்டார்கள், மேலேயே பச்சை அடித்துவிட்டு எழுதுவார்கள். பழைய எழுத்தின் விளிம்பு பெயிண்டுக்கு அடியில் மேடாக நிற்கும். பகலில் தெரியாது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைக் கதவோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், நேராக அடிக்காதீர்கள். நிழல் விழும், படிக்கலாம். பட்டறையில் விபத்து வண்டிக்கு ஒட்டுப் போட்டதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது இதுதான்.

ஜொகூர் டிரெலர் | வியாழன், மதியம் 1.20

போமன் அண்ணே, இதை வைத்துத்தான் போன மாதம் என்னை ஒரு செகண்ட்ஹேண்ட் பிரைம் மூவரை (டிரெலர் இழுக்கும் லோரியை) வாங்கவிடாமல் ஒருவர் தடுத்தார். நன்றி.

நூலகத்து அக்காவுக்கு ஒரு கேள்வி. எங்கள் டிரிப் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். முதலாளி வாய்ஸ் அனுப்புவார், நான் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) படம் அனுப்புவேன். போன் தண்ணீரில் விழுந்தால் 2019லிருந்து எல்லாம் போச்சு. இது கணக்கில் சேருமா?

நூலகத்துக்காரி | வியாழன், மாலை 6.44

சேரும். அந்த உரையாடலைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, படங்களும் வாய்ஸும் சேர்த்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். படம் நிறைய இருந்தால் எல்லாம் வராது, அவற்றைத் தனியாகக் கணினிக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

பேத்தி, பழைய கெலிண்டான் யாராவது உயிரோடு இருக்கிறாரா? முதலாளி வீட்டில் எப்போதும் கதை இருக்கும். வண்டிக்குப் பின்னால் நின்றவரை யாரும் கேட்பதில்லை. போனால், "வரலாறு சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், வாய் அடைத்துவிடும். டிரிப் புக்கில் ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். ஃபேன் சத்தத்தில் பாதிப் பேட்டி நாசமான அனுபவம் எனக்கே உண்டு.

லோரிக்காரர் பேத்தி | ஞாயிறு, இரவு 9.20

அக்கா, ஒருவர் இருக்கிறார். 79 வயது. காது கொஞ்சம் மந்தம். வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது, "எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு" என்று முடித்துவிட்டார். அப்புறம் அவர் மகள் சொன்னபடி காரில் ஏற்றிக்கொண்டு பழைய டிரங்க் ரோட்டில் போனேன். குவாலா கங்சார் இஸ்கந்தர் பாலம் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் காரை ஓரம் கட்டச் சொன்னார்.

நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால் வடக்கே போகும் எல்லா லோரியும் இந்த ஏற்றத்தில்தான் முக்கும். சரக்கு ஏற்றிய பெட்போர்டு நடந்து போகிறவனின் வேகத்துக்கு வந்துவிடுமாம். அப்போது கெலிண்டான் குதித்து இறங்கி, கையில் முட்டுக்கட்டையோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். எஞ்சின் நின்றால், வண்டி பின்னால் நகர்வதற்குள் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ள வேண்டும். மழையில் செருப்பு வழுக்கும் என்று வெறுங்காலோடு நடப்பாராம். காரிலிருந்து இறங்கி, அந்த வளைவில் எப்படி நடந்தார் என்று நடந்தே காட்டினார். உடம்பு ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது, கண் மட்டும் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில். பின்னால் வந்த மைவி கார் ஹாரன் அடித்தது, அவருக்குக் கேட்கவில்லை.

நாமெல்லாம் எதற்கெடுத்தாலும் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம். அவர் வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. அந்தக் கட்டையை வைக்கும்போது போனது. சம்பளப் புத்தகத்தில் அந்த மாதத்தைத் தேடினேன். 'ஆஸ்பத்திரி 11 நாள், அரைச் சம்பளம்' என்று இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "இதை எரிக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

பினாங்கு டிரிப்பைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கும் இவர்தான் கெலிண்டானாம். போகும்போது பின்னால் பெட்டிகள்மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார். திரும்பும்போது தாத்தா இவரை முன்னால் உட்காரச் சொன்னாராம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிச் சொன்னதில்லையாம்.

லோரிக்காரர் பேத்தி | திங்கள், இரவு 10.30

ஜொகூர் அண்ணே, உங்கள் டயர் பில்! இரண்டாவது பெட்டியில் டயர் பில் கட்டு ஒன்று. எரிக்க வேண்டிய பக்கத்தில் முதலில் வைத்ததே அதுதான். பின்னைக் கழற்றினால் நடுவில் தபாலாபீஸ் ரசீதுகள், இந்தியாவுக்கு மணியார்டர். பதினொன்று. எல்லாம் 1970க்கும் 1972க்கும் இடையில். ஒரே தொகை இல்லை, ஒரு மாதம் அதிகம், ஒரு மாதம் குறைவு. பன்னிரண்டாவது இல்லை. மூன்றாவது பெட்டியையும் பார்த்துவிட்டேன், இல்லை.

இது முழுப் பங்கா, பாதிப் பங்கா, வெறும் உதவியா, எனக்குத் தெரியவில்லை. டயர் பில்லோடு சேர்த்து ஏன் குத்தினார் என்றும் தெரியவில்லை. வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்றிருக்கலாம். அக்கா சொன்னபடி அதே வரிசையில் படமெடுத்துவிட்டேன்.

சலாக் அண்ணன் | செவ்வாய், இரவு 7.50

தங்கச்சி, அந்த ரசீதுகளைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்பு. எங்கள் அம்மாவிடம் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை வா. டார்ச் என்னிடம் இருக்கிறது.

நூலகத்துக்காரி | செவ்வாய், இரவு 9.15

அடுத்து, அசல் காகிதங்களைக் கடைசியில் எங்கே வைப்பது என்பது. தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் வாங்கிக்கொள்கிறது. கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் (பழைய ஜாலான் டூத்தா) பக்கம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் யார் பார்க்கலாம், எப்போதிலிருந்து பார்க்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மனமில்லை என்றால் வீட்டிலேயே வைக்கலாம், தரையில் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். கரையான் சுவர் வழியாகத்தான் வரும். மைலோ பெட்டியை மட்டும் மாற்றிவிடுங்கள், அந்த அட்டையின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும்.

லோரிக்காரர் பேத்தி | சனி, இரவு 11.55

போமன் அண்ணே, தெரிந்தது!

முதலில் ஒன்றுமே இல்லை. கோழிகள் கத்தின, அண்ணி திட்டினார். அண்ணன் டார்ச்சைக் கீல் பக்கத்திலிருந்து கதவோடு ஒட்டிப் பிடித்தார். தாத்தாவின் இனிஷியல் 'எம்' மேலேயே தெரிகிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு இடப்பக்கம், வெறும் பச்சை என்று நாங்கள் நினைத்த இடத்தில், ஒரு 'கே' எழுந்து வந்தது. அதே அளவு, அதே வளைவு, ஒரே கை எழுதியது. நடுவில் 'அண்ட்' குறி. 'கே'தான் முதலில் இருக்கிறது. கூட்டாளியின் பெயர் முன்னால், தாத்தாவின் பெயர் பின்னால்.

அண்ணன் கொஞ்ச நேரம் டார்ச்சை எடுக்கவே இல்லை. "எங்கள் தாத்தா இதைச் சொல்லவே இல்லையே" என்றார். கதவை மூன்று பக்கத்திலிருந்தும் படமெடுத்திருக்கிறேன், ஆனால் பெயர் தெரிவதால் இங்கே போடவில்லை. ஐயா, அந்தக் கூட்டாளியின் ஊர்ப்பெயர் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள்.

பழைய கிராணி | ஞாயிறு, காலை 6.10

மணியார்டர் ரசீதில் தபாலாபீஸ் பெயர் இருக்கும் அம்மா. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இல்லையென்றால் நான் சொல்கிறேன்.

போமன் ஈப்போ | ஞாயிறு, காலை 8.30

கதவைக் கழற்றும்போது கீலை அறுக்காதீர்கள். ஆணிக்கு டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், தானே வரும்.

சலாக் அண்ணன் | ஞாயிறு, காலை 9.02

கதவை எடுத்துக்கொண்டு போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. கோழிக்கு வேறு கதவு போட்டுக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகவும்.